வரேன் என்ற வார்த்தை

என் தம்பி வேலூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்த அன்று அவனைக் கூட்டிவர நான் ஒருத்திதான் போனேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஏதோ முக்கியமான சவாரியாம். ஏழு வருஷம் கழித்து மச்சான் வருகிறான், இந்த மனுஷனுக்குச் சவாரி! ஆனால் நான் சண்டை போடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கே போகப் பிடிக்கவில்லை. கூடப் பிறந்த பாவத்துக்குப் போனேன்.

பெரிய கேட்டில் இருக்கும் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்தான். கையில் ஒரு துணிப்பை. "டேய், இங்க!" என்று கத்தினேன். என்னைப் பார்த்தான், ஆனால் நிற்கவில்லை. பின்னால் நின்ற காவலர் ஏதோ சொன்னார், அதற்கும் திரும்பவில்லை. விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போய்த்தான் நின்றான். செருப்பு அறுந்துவிடும்போல நான் பின்னாலேயே ஓடினேன்.

"இன்னாடா, கூப்ட்டா காது கேக்கல? யார்னா தொரத்தறாங்களா?"

"இல்லக்கா. தாண்டிட்டேன், அவ்ளோதான்."

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுதலையானவன் எதற்கு ஓட வேண்டும்? உள்ளே ஏதாவது பண்ணிவிட்டு வருகிறானா? அந்தப் பையில் என்ன இருக்கிறது? முதல் சந்தேகம் அந்த டீக்கடையிலேயே என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

திருவண்ணாமலை பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தான். கண்ணமங்கலம் தாண்டுகிறவரைக்கும் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "பாப்பாவுக்கு வைகாசிலதானே கல்யாணம்?" என்றான். என் மகளுக்கு இருபத்துமூன்று வயசு, அவனுக்கு இன்னும் பாப்பாதான்.

"ம்."

"பட்டம் நான்தானே கட்டணும்?"

நான் டிக்கெட்டைப் பைக்குள் வைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவார்கள். தங்க நிறத்தில் ஒரு மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் நூல். அத்தை, சித்தப்பா என்று எல்லோரும் கட்டலாம். ஆனால் முதல் பட்டம் தாய்மாமன் கட்ட வேண்டும். என் மகளுக்குத் தாய்மாமன் என்று இருப்பது இவன் ஒருத்தன்தான். அவள் பிறந்து முப்பதாம் நாள் அவளை மடியில் வாங்கிக்கொண்டு, "இவ கல்யாணத்துக்கு நான் பட்டம் கட்டும்போது நீ எல்லாம் தள்ளி நிக்கணும், சொல்லிட்டேன்" என்று என்னிடமே அதிகாரம் பண்ணியவன். ஜெயிலில் அவனைப் பார்க்கப் போன ஒவ்வொரு தடவையும் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இதைத்தான் கேட்டான். வேறெதுவும் அவன் கேட்டதில்லை.

அவன் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்து மறைத்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு பௌர்ணமிக்கு மறுநாள், விடிகிற நேரம், கிரிவலம் முடித்துக் களைத்துப்போய் நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவின் கழுத்தில் கைவைத்தான். சிநேகிதன் பைக் ஓட்டினான், இவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அறுந்தது வெறும் செயின் இல்லை, தாலிக்கொடி. அந்த அம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்து மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். எங்கள் பழைய தெருவில் நான் தண்ணீர் பிடிக்கப் போனால் ஒருத்தி இன்னொருத்தியிடம், "தாலியறுத்தவன் அக்கா வர்றா பாரு" என்பாள். என் காதில் விழவேண்டும் என்றே சொல்வாள். வாய்ச்சண்டையில் என்னை ஜெயிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு செங்கம் ரோடு பக்கம், ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்கு வந்தோம். புதுத் தெருவில், 'தம்பி குஜராத்தில் கம்பெனி வேலை' என்று சொல்லிவைத்தோம். மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதேதான்.

இப்போது தாலி அறுத்த அதே கை, தாலி ஏறப்போகிற என் பெண்ணின் நெற்றியைத் தொடலாமா? அவன் கேட்டபோது என் மனசில் ஓடியது இதுதான். பெற்றவளுக்கு இந்தப் பயம் வராதா?

இன்னொரு விஷயமும் இருந்தது. பத்திரிகை ஏற்கெனவே அடித்தாகிவிட்டது. கல்யாணம் முடிந்த பிறகுதான் அவன் வெளியே வருவான் என்று நினைத்து, தாய்மாமன் என்ற இடத்தில் என் பெரியப்பா மகனின் பெயரைப் போட்டிருந்தோம். நன்னடத்தைக்காகத் தண்டனையில் கொஞ்சம் கழித்து முன்னாலேயே விட்டுவிட்டார்கள். நான் சந்தோஷப்பட வேண்டிய சேதி. நானோ பத்திரிகைக் கட்டை எங்கே ஒளிப்பது என்று இடம் தேடினேன்.

வீட்டுக்கு வந்ததும், "பத்திரிகை அடிச்சாச்சாக்கா?" என்றான்.

"இன்னும் இல்லடா. பிரஸ்ல லேட் பண்றான்" என்றேன்.

பத்திரிகைக் கட்டு என் தையல் மிஷினுக்கு அடியில், வெட்டுத்துணி மூட்டைக்குப் பின்னால் இருந்தது. நான் ரவிக்கை தைக்கிறவள். அந்த மூட்டைப் பக்கம் என்னைத் தவிர யாரும் கைவைக்க மாட்டார்கள்.

அவன் வீட்டில் இருந்த விதமே எனக்கு உறுத்தியது. பாயை விரித்தால் வாசலுக்கு நேராகத்தான் விரிப்பான். சோப்பைக் குளியலறையில் வைக்க மாட்டான், டப்பாவில் போட்டுத் தன் பைக்குள் வைத்துக்கொள்வான். யாராவது உள்ளே நுழைந்தால் சட்டென்று எழுந்து நிற்பான். என் வீட்டுக்காரர் ஒருநாள் தண்ணீர் குடிக்க நாலு தடவை வந்தார், இவன் நாலு தடவையும் எழுந்தான். "உக்காரு மச்சான், நான் என்ன கலெக்டரா?" என்று அவர் சிரித்தார். எனக்கு, இவன் எதையோ மறைத்துவைத்துவிட்டுப் பதறி எழுகிறான் என்று தோன்றியது. பீரோவைப் பார்த்தால் ஏன் பார்க்கிறான், பார்க்காவிட்டால் ஏன் பார்க்காத மாதிரி நடிக்கிறான். சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி போட வேண்டியதே இல்லை, தானே தேடித் தின்னும்.

எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டியது ஒன்று. எங்கே கிளம்பினாலும், "போயிட்டு வரேன்க்கா" என்பான். கடைக்குப் போனால் சரி. கொல்லையில் கை கழுவப் போனாலும் சொல்வான். மாடியில் துணி காயப்போடப் போனாலும் சொல்வான். ஒரு நாளைக்கு முப்பது தடவை.

"குழாயடிக்குத்தானே போற? என்னமோ காசிக்குப் போற மாதிரி ஏன்டா உயிரை எடுக்கற?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். அப்போது நான் என் மகளின் கல்யாண ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். "உள்ள அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுக்கா. ரிலீஸ் ஆகிப் போறவன் யாருகிட்டயும் 'வரேன்'னு சொல்ல மாட்டான். சொன்னா திரும்ப வந்துடுவான்னு ஒரு பேச்சு. 'போறேன்'னு மட்டும் சொல்லிட்டு, ரோட்டைத் தாண்டற வரைக்கும் திரும்பிப் பாக்காம போவணும். நானும் அப்படித்தானே வந்தேன், நீ கூட திட்டுனியே. ஏழு வருசமா வாயில வராத வார்த்தை. அதான் உன் வீட்ல வட்டியும் மொதலுமா சொல்லிக்கறேன்."

கேட்டுக்கொண்டிருந்த என் மகள் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "சொல்லிக்கோ மாமா. எனக்கும் சேத்து சொல்லு" என்றாள். நான் மிஷினை மிதித்தேன். நன்றாகத்தான் பேசுகிறான், பேசத் தெரிந்தவனை நம்பலாமா என்று நினைத்துக்கொண்டே மிதித்ததில் தையல் கோணிப்போய் மறுபடி பிரித்தேன்.

தினமும் சாயந்தரம் அஞ்சு மணி அடித்தால் அவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. "போயிட்டு வரேன்க்கா" என்று கிளம்பினால் ஏழு மணிக்கு விளக்குப் போட்ட பிறகுதான் வருவான். எங்கே போனாய் என்றால், "சும்மாதான்" என்பான். பழைய சிநேகிதனைப் பார்க்கிறானோ? அந்த பைக் ஓட்டினவன் அவனுக்கு முன்னாலேயே வெளியே வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் வீட்டுக்காரரை ஆட்டோவில் பின்னாலேயே போகச் சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

திரும்பி வந்து, "கிரிவலப் பாதைல கொஞ்சம் நடந்தான். அப்புறம் ஒரு புளியமரத்துக்கிட்ட நின்னான்" என்றார்.

"நின்னு?"

"நின்னான், அவ்ளோதான்."

"யாரையாவது பாத்தானா?"

"மலையைப் பாத்தான். எனக்குக் கொசுக்கடி தாங்கல, வந்துட்டேன்."

சும்மா நிற்கிறான் என்பது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. எவனாவது சும்மா நிற்பானா? போகிற வருகிற பொம்பளைகளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானா? ராத்திரிச் சோறு போடும்போது நேராகவே கேட்டேன். "அந்த ரோட்ல உனக்கு இன்னாடா வேலை? அதே ரோடு!"

கை சோற்றில் அப்படியே நின்றது. "அஞ்சரைக்கு உள்ள போட்டுப் பூட்டிடுவாங்கக்கா. அப்புறம் காலைலதான். அந்த நேரத்துக்கு வெளிய நிக்கணும்போல இருக்குது. வேற ஒண்ணும் இல்ல."

நம்பினேனா? பாதி நம்பினேன். மீதிப் பாதி அவன் பையின்மேல் போய் நின்றது. அந்தத் துணிப்பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது போளூர் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். முகூர்த்தப் புடவையைக் காட்ட வந்தார்களாம். தம்பி திடுக்கென்று எழுந்து நின்றான். "தம்பி... குஜராத்லேர்ந்து... லீவு கெடச்சிடுச்சு" என்றேன்.

சம்பந்தியின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சின்ன வயசில் சூரத்தில் துணிக் கம்பெனியில் இருந்தவராம். இது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் குஜராத் என்று சொல்லியே இருக்க மாட்டேனே! மனுஷன் மடமடவென்று இந்தியில் ஏதோ கேட்டார். தீர்ந்தது கதை என்று நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

தம்பி நின்ற இடத்திலிருந்தே, "சாத் சால், ஜி" என்றான். ஏழு வருஷம் என்று அர்த்தமாம். அதற்கு மேலும் நாலு வார்த்தை இந்தியில் பேசினான். உள்ளே ஒரு பீகார்க்காரனோடு ஒரே அறையில் இருந்தானாம், அப்புறம் சொன்னான்.

"தங்கறதெல்லாம் எங்கப்பா?" என்றார் சம்பந்தி, தமிழுக்கு வந்து.

"எல்லாம் உள்ளயேங்க. பெரிய காம்பவுண்டு. காலைல எழுப்பி விட்டுடுவாங்க. சாப்பாடு நேரத்துக்கு வந்துடும். வெளிய மட்டும் விட மாட்டாங்க."

"நல்ல கம்பெனிதான்போல. கட்டுப்பாடா இருக்குது."

"ரொம்பக் கட்டுப்பாடுங்க."

என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சம்பந்தியம்மா, "அப்போ பட்டம் கட்ட சொந்தத் தாய்மாமனே வந்தாச்சு. ரொம்ப சந்தோசம்" என்றார். தம்பியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பத்திரிகைப் பேச்சு வந்துவிடப் போகிறதே என்று நான் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் புகுந்தேன்.

அவர்கள் போன பிறகு நான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறான். நானோ, இவ்வளவு பேர் முன்னால் கண்ணிமைக்காமல் பேசுகிறானே, என்னிடம் எத்தனை பேசுகிறானோ என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. குஜராத் என்று சொன்னது நான்தான்.

அந்த வாரமே எங்கள் சந்தில் வாத்தியாரம்மா வீட்டுத் தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. பகலில், அவர்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், பைப்பை அறுத்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை யூனிஃபார்ம் இல்லாமல் ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க வீட்ல புதுசா ஒருத்தர் தங்கியிருக்காராமே?"

நான் 'குஜராத்' என்று ஆரம்பிப்பதற்குள் தம்பி வெளியே வந்துவிட்டான். கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தன் பெயர், அப்பா பெயர், எந்தக் கேஸ், எத்தனை வருஷம், என்றைக்கு விடுதலை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் ஒப்பித்தான். அவர் அதையெல்லாம் கேட்கவே இல்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே நாலு தலை, எதிர் மாடியில் மூன்று தலை. ஏழு வருஷமாக நான் கட்டிவைத்த குஜராத் அரை நிமிஷத்தில் போய்விட்டது. எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

"சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்" என்று அவனைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனார். போகும்போதும் திரும்பி, "போயிட்டு வரேன்க்கா" என்றான்.

மத்தியானம் திரும்பி நடந்தே வந்தான். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சோறு போட்டேன். பாதி சாப்பிடும்போது என் வாய் என்னை மீறிக் கேட்டுவிட்டது. "நீ எடுக்கலயே?"

நிமிர்ந்து பார்த்தான். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். "அவங்களும் இதையேதான் கேட்டாங்கக்கா" என்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "விஷயம் போளூர் போய்ச் சேர எத்தனை நாள் ஆவும்? கீழ்பென்னாத்தூர்ல நமக்குத் தெரிஞ்சவர் மல்லாட்டை மிஷின் வெச்சிருக்கார். ஆள் வேணும்னு கேட்டுட்டே இருக்கார். கல்யாணம் முடியற வரைக்கும் இவனை அங்க விட்டுடலாம்." மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, அதை உடைக்கிற மில்.

"பட்டம்?"

"அதான் பத்திரிகைலயே உங்க அண்ணன் பேர் இருக்குதே."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அவனை அனுப்புவதற்கு ஒரு காரணம் கையில் கிடைத்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் தோன்றியது.

மறுநாள் சாயந்தரம் அவன், "போயிட்டு வரேன்க்கா" என்று கிளம்பினதும் நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவன் பையை எடுத்தேன்.

இரண்டு சட்டை. ஒரு லுங்கி. ஒரு துண்டு. சோப்பு டப்பா. விடுதலைக் காகிதம், பிளாஸ்டிக் கவரில். அடியில் இன்னொரு கவர். ஆஹா, இதோ இருக்கிறது என்று பிரித்தேன். உள்ளே என் மகளின் கல்யாணப் பத்திரிகை இருந்தது.

தாய்மாமன் என்று போட்ட இடத்தில் என் பெரியப்பா மகனின் பெயர். அது தெளிவாக, தங்க எழுத்தில், எல்லாப் பெயரையும்போல இருந்தது. எத்தனை நாளாக இது இவனிடம் இருக்கிறது? சம்பந்தி வந்த அன்றைக்கே இவனுக்குத் தெரியுமா? தெரிந்திருந்துமா இவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது? நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு என் மகள் வேலையிலிருந்து வருகிற நேரம் ஆகிவிட்டதே என்று அவசர அவசரமாக எல்லாவற்றையும் மடித்து, இருந்தபடியே வைத்து, பையைத் தலைமாட்டில் போட்டேன்.

இருந்தபடியே என்று நான் நினைத்தேன். முப்பது வருஷமாகத் துணி மடிக்கிறவள் நான். காலரை மேலே தூக்கி, தோளை உள்ளே தள்ளி, பட்டன் வரிசை நடுவில் வர மடிப்பேன். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற மடிப்பு. யோசிக்காமலே கை அப்படித்தான் போகும். அவன் சட்டையை எப்படி மடித்துவைத்திருந்தான் என்று நான் பார்க்கவே இல்லை.

ஏழு மணிக்கு வந்தான். லுங்கி மாற்றப் பையைத் திறந்தான். அப்படியே நின்றான். என் மகள் பக்கத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் மிஷினில் ஊசிக்கு நூல் கோக்கிற மாதிரி இருந்தேன், நூல் கண்ணில் படவே இல்லை.

அவன் லுங்கியை எடுத்துத் தரையில் விரித்தான். அதன்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தான். சட்டை இரண்டையும் பிரித்து உதறி வைத்தான். துண்டை உதறினான். சோப்பு டப்பாவைத் திறந்து வைத்தான். காகிதத்தைக் கவரிலிருந்து எடுத்து வைத்தான். பையை உள்வெளியாகத் திருப்பிக் காட்டினான். பிறகு இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். யார் சொல்லிக்கொடுத்து, எத்தனை நூறு தடவை செய்து அவனுக்கு அந்தப் பழக்கம் வந்ததோ!

"பாத்துக்கோக்கா" என்றான்.

"மாமா, இன்னா இது?" என்று என் மகள் எழுந்தாள்.

"ஒண்ணும் இல்ல பாப்பா. அக்கா பாக்கணும்னா பாக்கட்டும். என்னைக் கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேன்." பிறகு பத்திரிகையைக் கையில் எடுத்தான். "இது ஒண்ணுதான்க்கா இந்த வீட்ல கேக்காம எடுத்தேன். வந்த மூணாம் நாள் உன் கத்திரிக்கோல் கீழ விழுந்துது, எடுக்கக் குனிஞ்சப்போ பாத்தேன். உன் பேரு, மாமா பேரு, அப்பா அம்மா பேரு, பாப்பா பேரு எல்லாம் அச்சுல ஒரே எடத்துல இருந்துது. அதான் ஒண்ணு வெச்சிக்கலாம்னு."

மூன்றாம் நாள்! அதற்கப்புறமும் தினம் முப்பது தடவை என் வாசலில் நின்று வரேன், வரேன் என்று சொல்லியிருக்கிறான்.

தெருவையே வாயால் அடக்குகிறவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தப்புப் பண்ணிட்டேன்டா என்று சொல்லியிருக்கலாம். உன் பேரைப் போட்டு வேற அடிக்கிறேன்டா என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "உன் மாமா கீழ்பென்னாத்தூர்ல ஒரு வேலை பாத்து வெச்சிருக்கார்" என்பதுதான். பாழாய்ப்போன வாய்.

"சரிக்கா" என்றான்.

சட்டைகளை அவன் மடிப்பில் மடித்தான். கைகளை உள்ளே போட்டு, காலரை அடியில் வைத்து, இறுக்கமாகச் சுருட்டினான். எல்லாவற்றையும் பையில் வைத்தான். பத்திரிகையை மட்டும் என் மிஷின் பலகையின்மேல் வைத்தான். என் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் தலையில் கையை வைக்கப்போய், என்னைப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டான். அதையும் நான் பார்த்தேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னான். "போறேன்க்கா."

நான் காத்திருந்தேன். மீதி வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவன் இறங்கி நடந்தான். சந்து முனையில் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் விளக்கு வெளிச்சம் இருந்தது, அதுவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். ரோட்டைத் தாண்டினான். திரும்பவே இல்லை.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. நாதஸ்வரக்காரர் நிறுத்தியதும் ஐயர், "தாய்மாமன் வாங்கோ" என்று கூப்பிட்டார். என் மகள் மண்டபத்து வாசலைப் பார்த்தாள். என் பெரியப்பா மகன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து பட்டம் கட்டினார். அவருக்கு முடிச்சுப் போட வரவில்லை, இரண்டு தரம் நழுவிக் கண்ணின்மேல் விழுந்தது. கடைசியில் நானே பின்னாலிருந்து இறுக்கிக் கட்டினேன். சம்பந்தி, "தம்பிக்கு லீவு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரிந்துதான் கேட்டாரா என்று இன்னும் எனக்குச் சந்தேகம். "ஆமாங்க, கம்பெனில கூப்ட்டுட்டாங்க" என்றேன்.

மோட்டார் எடுத்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அது தெரியாத வரைக்கும் என் மனசில் ஒரு மூலை, 'நீ எடுக்கலயே?' என்று தம்பியைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இருக்கிறதை இருக்கிறது என்றுதானே எழுத வேண்டும்.

ஆடி மாசம் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். மில்லில் கடலைத் தோல் தூசி பறந்துகொண்டிருந்தது. அவன் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான், கோணி ஊசியால். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். முதலாளி, "தங்கமான ஆளும்மா. சாயந்தரம் அஞ்சு மணிக்கு மட்டும் ஒரு மணி நேரம் காணாமப் போயிடுவான்" என்று சிரித்தார். தம்பி டீ வாங்கிவந்தான். கல்யாண ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். பட்டம் கட்டுகிற படம் வந்ததும், "அண்ணன் நல்லாக் கட்டுனாரா?" என்றான்.

"முடிச்சே நிக்கலடா."

"அதுக்கு மூணு சுத்து சுத்தணும்க்கா. ஒரு சுத்து பத்தாது." விரலில் கோணி நூலைச் சுற்றி எனக்குச் செய்து காட்டினான். அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எத்தனை நாள் யோசித்து வைத்திருந்தானோ.

"வீட்டுக்கு வாடா. பாப்பா கேட்டுட்டே இருக்கா. நான்தான்டா தப்பு. புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன்" என்று அழுதேன். மில்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அழாதக்கா. பாக்கலாம்" என்றான்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆல்பத்தை அவனிடமே கொடுத்துவிட்டு எழுந்தேன். "போயிட்டு வரேன்டா" என்றேன்.

வாசல்வரைக்கும் வந்தான். "பாத்துப் போக்கா" என்றான்.

வா என்று சொல்லவில்லை. நான் செருப்பில் தூசி தட்டுகிற மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பஸ் வந்துவிட்டது.